வாய்க்கயிறு வைத்த குசன்கள்

“அம்மா, குசனுக்கு ஏன் கயிறு வைச்சனீங்கள்?”

என் மகள் டிலக்சி இதைக் கேட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். வீட்டு முன்னறையின் சீமெந்துத் தரையில் ஆறு குசன் உறைகள் வரிசையாகக் கிடந்தன. பழைய சேலைகளை வெட்டி நான் தைத்தவை. இரண்டு ஊதா, இரண்டு மாம்பழ மஞ்சள், இரண்டு பச்சைக் கரை. ஒவ்வொன்றின் திறந்த பக்கத்திலும் அதே துணியில் கிழித்த நாடா ஒன்று, ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

“கட்டுறதுக்கு,” என்றேன்.

“குசனை ஆரம்மா கட்டுறது? சிப் எல்லோ வைக்கிறது.”

அவள் கையில் தொலைபேசி இருந்தது. அதில் ஒரு பெண் பத்தே நிமிடத்தில் பழைய சேலையைக் குசனாக மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய குசன் சதுரம். என்னுடையவை நீட்டு. அகலத்தைப்போல இரண்டு மடங்கு நீளம்.

நாடா வைத்தது எனக்கு நினைவில்லை. கால் மெசினை மிதித்தது, கண் மணிக்கூட்டில் இருந்தது, கை தன்பாட்டுக்குத் தைத்தது. அளவு நாடாவைக்கூட நான் எடுக்கவில்லை. முழங்கையை வைத்து அளந்து வெட்டியிருக்கிறேன்.

அந்த ஆறையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். எதைத் தைத்திருக்கிறேன் என்று தெரிந்ததும் அவற்றை அள்ளத் தொடங்கினேன்.

ஆசிரியர் கேட்ட குறிப்புகள்

ரின்மீன் அடைத்து வந்த தகரப் பேணிகளில் செடி வைத்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். வேலைக்குப் போகும் தாய்மார் பலர் கடிதம் போட்டிருக்கிறார்களாம்.

“நினைவுகளோடை சேர்த்து வீட்டு அலங்காரத்துக்கும் நாலு குறிப்புச் சொல்லுங்கோ அக்கா. லேசா, செலவில்லாமல், கெதியாச் செய்யக்கூடிய மாதிரி.”

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். கெதியாகச் செய்வதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். விடிய முன்னம் ஆடைத் தொழிற்சாலையின் பஸ் வரும். பகல் முழுக்க ஒரே வரிசையில் இருந்து காற்சட்டைக்கு இடது பொக்கெற் தைப்பேன். வலது பொக்கெற் எனக்கு அடுத்த கதிரைக்காரியின் பாடு. வீட்டுக்கு வந்தால் மீன் வெட்ட வேண்டும், பிள்ளையின் கொப்பி பார்க்க வேண்டும். அலங்காரத்துக்கு மிஞ்சுவது அரைநாள் வேலையோடு விடும் சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த பின்னேரமும்தான்.

சரி, கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். ரின்மீன் பேணியின் விளிம்பைக் கருங்கல்லில் தேய்த்து மழுக்கிவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் கை வெட்டும். முட்டை அட்டையைக் கிழிக்காதீர்கள், குழிகுழியாக வெட்டுங்கள், ஒவ்வொரு குழியும் ஒரு பூ. பழைய கொப்பி ஒற்றைகளை வெட்டி ஒட்டும் தோரணக் கொடிக்குச் சோற்றுப் பசை போடாதீர்கள், எறும்பு வரும். இவ்வளவையும் நான் பிழைவிட்டுப் பழகினேன்.

குசனைப் பற்றிய குறிப்புக் கடைசியில் வரும். அதற்கு முன் சொல்ல வேண்டியது இருக்கிறது.

பூசாத சுவர்

எங்களுடைய வீடு வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கு நடக்கும் தூரம். கூரை போட்டதோடு எங்கள் கை ஓய்ந்துவிட்டது. சுவர் இன்றுவரை பூசவில்லை. சீமெந்துக் கல் அப்படியே தெரியும். மாரியில் ஊறி, கோடையில் உப்புப் பூத்து, அதன்மேல் ஒரு சாம்பல் கறை இருக்கும்.

எனக்கு அது சுவர். நான் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே படுத்தவள், சுவர் என்று ஒன்று நின்றாலே போதும் எனக்கு. டிலக்சி அப்படி நினைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது என் மடத்தனம். அவள் யுத்தத்துக்குப் பின் பிறந்தவள்.

அந்த வருடம் அவளுக்கு முதல் நன்மை. எங்கள் வேதத்தில் பிள்ளை முதல் தடவை நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை, மெழுகுதிரி, பூசை. பூசை முடியக் கூட்டாளிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து கேக் சாப்பிடுவார்கள். அதற்கு இரண்டு கிழமைக்கு முன், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு ரீச்சர் என்னைக் கோயில் முற்றத்தில் மறித்தார்.

“டிலக்சி சொல்றா, தங்கட வீட்டை ஒருத்தரும் வரவேண்டாமாம். ஏனம்மா, ஏதும் சுகமில்லையோ?”

வீட்டுக்கு வந்து பிள்ளையைக் கேட்டேன். கொப்பியை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். முந்தின மாதம் கூடப்படிக்கும் பிள்ளை ஒன்று கொப்பி வாங்க வந்ததாம். சுவரைப் பார்த்துவிட்டு, “உங்கட வீடு இன்னும் கட்டி முடியேல்லையோ?” என்று கேட்டதாம்.

“நீ என்ன சொன்னனீ?”

“இது எங்கட வீடில்லை எண்டு சொன்னனான்.”

எனக்கு அந்தச் சொல் சுட்டது. பிள்ளையைப் பேசவும் முடியவில்லை. ஒன்பது வயதில் சொந்த வீட்டை இல்லை என்று சொல்லப் பழகிவிட்டால், பிறகு அவள் எதையெல்லாம் இல்லை என்பாள்? அந்தப் பயம்தான் எனக்கு.

“ஆறு பேரைக் கூப்பிடு. வீட்டைச் சோடிச்சுத் தாறன்,” என்றேன்.

“சத்தியமா?”

“மாதாவாணை.”

எங்களிடம் இருந்தது இரண்டே கதிரை. வருகிற ஆறு பேரும் தரையில்தான் இருக்க வேண்டும். அதனால்தான் ஆறு குசன்.

வலையும் பல்லும்

கறை கூடிய பெரிய சுவரை மறைக்க அன்ரனின் பழைய வலையைக் கேட்டேன். அன்ரன் என் கணவர். சின்னப் படகில் கரைவழியே தொழிலுக்குப் போகிறவர்.

“சுவரிலை வலை தொங்கினால் பாக்கிற சனம் நான் தொழிலை விட்டிட்டன் எண்டெல்லோ நினைக்கும்,” என்றார்.

“நினைக்கட்டும். கடன் கேட்டு ஒருத்தரும் வரமாட்டினம்.”

சிரித்தார். அவர் சிரித்தால் முன்பல் ஒன்று பாதி இல்லாதது தெரியும். டிலக்சி சின்ன வயதில் அந்த இடைவெளிக்குள் விரலை விட்டு விளையாடுவாள். எப்படி உடைந்தது என்று கேட்டால், வலை நூலைக் கடித்து உடைந்தது என்பார். கரையில் பாதிப்பேர் நூலைப் பல்லால்தான் கடிப்பார்கள். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

கடைசியில் வலையைத் தந்தார். அதைச் சுவரில் ஆணியடித்து விரித்து, சிப்பியும் சோகியும் கோத்துக் கண்ணிகளில் தொங்கவிட்டோம். முட்டை அட்டைப் பூக்களை நீல நிறத்தில் தோய்த்து நடுவில் கட்டினாள் டிலக்சி. சாம்பல் கறை பின்னால் போனது. சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளை பள்ளிக்கூடத்தால் ஓடி வந்தாள்.

குசன் மட்டும்தான் மிச்சம். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து மூன்று பழைய சேலைகளை எடுத்தேன்.

ஒரு சேலை, எட்டுப் பை

யுத்தத்தின் கடைசி மாதங்களில் நாங்கள் கடலுக்கும் நீரேரிக்கும் நடுவில் ஒரு மணல் துண்டில் இருந்தோம். எங்கள் ஊர்க்காரருக்கு அந்தக் கதையைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். கடற்கரை மண்ணில் பதுங்குகுழி நிற்காது. வெட்ட வெட்டச் சரியும். மண்ணைப் பையில் கட்டி மூடையாக அடுக்கினால்தான் சுவர் நிற்கும்.

முதலில் உரப்பைகள் இருந்தன. அவை முடிந்தன. பிறகு சாக்கு, தலகணி உறை, சாரம். அவையும் முடியச் சனம் சேலையில் கை வைத்தது. பட்டு, நைலெக்ஸ், நூற்சேலை என்று பார்க்கவில்லை. அந்த மணல் துண்டு முழுக்கக் கலர் கலரான மண்மூடைகள். தூரத்திலிருந்து பார்த்தால் பெருநாள் என்று நினைக்கலாம். அப்படி ஒரு சோடனையை நான் பிறகு எங்கும் காணவில்லை, காணவும் வேண்டாம்.

நான் தையல் தெரிந்தவள் என்பதால் அக்கம்பக்கத்துச் சேலையும் என்னிடம்தான் வந்தது. துணியை மடித்து, முழங்கையால் அளந்து வெட்டுவேன். ஒரு சேலையில் எட்டுப் பை. மூன்று பக்கம் இரட்டைத் தையல். நாலாவது பக்கம் வாய். வாயின் ஓரத்தில் ஒரு நாடா வைத்துத் தைத்தால் மண் நிரப்பியதும் இழுத்துக் கட்டலாம். அதற்கு வாய்க்கயிறு என்று பேர். அடுக்கும்போது வாயை உள்ளே திருப்பி, மற்ற மூடையின் பாரத்துக்குக் கீழே வைக்க வேண்டும். வெளியே பார்த்தபடி வைத்தால் அவிழ்ந்துவிடும்.

என்ர கை அந்த வேலையை எத்தனை தடவை செய்தது என்று கணக்கில்லை. குசன் தைக்க உட்கார்ந்த கைக்கு, சேலை என்றால் இதுதான் என்று பட்டிருக்கிறது.

கூறை

எங்களுக்கு மூத்த பிள்ளை ஒன்று இருந்தது. ஸ்ரெல்லா. இரண்டு வயது ஆகவில்லை. நான் தைக்கும்போது நூல்பந்தை இழுத்துக்கொண்டு ஓடுவாள். பிடித்தால் சிரிப்பாள், விட்டால் அழுவாள்.

எங்கள் குழியின் கடற்கரைப் பக்கச் சுவருக்கு எட்டு மூடை குறைவாக இருந்தது. என்னிடம் மிஞ்சியிருந்தது கூறைச்சேலை. என் கலியாணத்துச் சேலை. அதையும் வெட்டினேன். ஆனால் தையல் நூல் முடிந்துவிட்டது. அன்ரனின் வலைப்பையில் கிடந்த நைலோன் நூலை எடுத்து, இருந்தது ஒரு சுற்றுக்குத்தான் காணும் என்பதால் ஒற்றைத் தையல் போட்டேன். நீட்டு நீட்டாய் ஓட்டிய தையல். இரட்டை போடவில்லை என்பது கைக்கே பிடிக்கவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் அப்படியே கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து நான் கஞ்சி வரிசையில் நின்றேன். ஸ்ரெல்லா குழிக்குள் நித்திரை. அன்ரன் பக்கத்தில் தறப்பாள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எங்களுடைய பக்கம் ஷெல் விழுந்த சத்தம் கேட்டு, ஏனத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அன்ரன் பிள்ளையை வெளியே எடுத்துவிட்டார். பிள்ளையின் மேல் ஒரு காயமும் இல்லை. மூக்கிலும் வாயிலும் மண். கடற்கரைப் பக்கச் சுவர் முழுக்க உள்ளே சரிந்து கிடந்தது. மேலே கிடந்த கூறை மூடைகள் தையல்வழியே பிரிந்து, மண் வெளியே கொட்டியிருந்தது. மற்ற மூடைகள் ஒன்றும் பிரியவில்லை.

நான் பார்த்தது அதைத்தான். என்னுடைய ஒற்றைத் தையல் விட்டதால் மூடை பிரிந்தது, மூடை பிரிந்ததால் சுவர் சரிந்தது, பிள்ளை போனாள். அந்த இடத்தில் நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம்கூடச் சொன்னதில்லை. அன்ரனும் அந்த மூடைகளைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை. அவருக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் என்னை மன்னித்துவிட்டு இருக்கிறார் என்று நினைத்தேன். அந்த மன்னிப்புக்குப் பயந்துகொண்டே இவ்வளவு வருடமும் அவருக்குச் சோறு போட்டேன்.

இந்த முறை

சனிக்கிழமை மத்தியானத்துக்கு வருகிறேன்.

உறைகளை அள்ளி எடுப்பதற்கிடையில் அன்ரன் கடலால் வந்துவிட்டார். வாசற்படியில் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

“அப்பா, வந்து பாருங்கோ. இன்னும் பஞ்சு அடைக்கேல்லை. அம்மா விசர் வேலை பாத்து எல்லாத்துக்கும் கயிறு வைச்சிட்டா,” என்றாள் டிலக்சி.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே வந்து குனிந்து ஒரு ஊதா உறையை எடுத்தார். நாடாவை விரலில் சுற்றிப் பார்த்தார். பிறகு உறைக்குள் கையை விட்டு, தையலைப் பெருவிரலால் தடவி, வலையின் கண்ணியைச் சோதிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்.

“இரட்டைத் தையல்,” என்றார்.

“இந்த முறை இரட்டைதான்,” என்றேன்.

வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று தெரியாது. வந்தபிறகு திருப்பி எடுக்க முடியவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். “இந்த முறை எண்டால்?”

டிலக்சியை இலவம்பஞ்சு வாங்கப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு சொன்னேன். நூல் முடிந்தது, ஒற்றைத் தையல், பிரிந்து கிடந்த கூறை மூடைகள் எல்லாவற்றையும். நான் முடிக்கும்வரை அவர் அந்த உறையைக் கையை விட்டு வைக்கவில்லை.

“நீர் இதையோ இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனீர்?”

“வேற என்னத்தை நினைக்க?”

அவர் கதிரையில் இருந்தார். சுவரில் தொங்கிய வலையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“தையல் விடேல்லை. ஒரு மூடையும் தானாப் பிரியேல்லை. அதிர்ச்சியிலை சுவர் முழுசாச் சரிஞ்சுது. மூடையெல்லாம் பிள்ளைக்கு மேலை. முதல் நாள் மழையிலை ஊறி, தூக்க ஏலாத பாரம். வாய்க்கயிறு எல்லாம் அடியிலை. கையிலை கத்தியும் இல்லை. மண்ணைக் கொட்டினால்தான் மூடையை இழுக்கலாம். அதாலை தையலைப் பிரிச்சனான்.”

“எப்பிடி?”

அவர் உதட்டைத் தூக்கி அந்தப் பாதிப் பல்லைக் காட்டினார்.

“நைலோன் நூல் எல்லோ. அறுக்கேலாமல் போச்சு. ஒண்டு பிரிக்க, மற்றது. அது பிரிக்க, அடுத்தது.” கையிலிருந்த உறையின் தையலை மறுபடி தடவினார். “நல்லாத்தான் தைச்சிருந்தனீர்.”

எனக்கு அழுகை வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்து இப்போதும் வெட்கப்படுகிறேன். என்ர தையல் விடவில்லை என்று ஒரு மூச்சு நிம்மதியாக விட்டேன். அடுத்த மூச்சில்தான் அவர் சொன்னதன் மற்றப் பக்கம் விளங்கியது. நான் மோசமாகத் தைத்திருந்தால் மூடைகள் கெதியாகப் பிரிந்திருக்கும். நான் நன்றாகத் தைத்திருந்தேன்.

இவர் ஏன் இவ்வளவு வருடமும் வாய் திறக்கவில்லை என்பதும் அதோடு விளங்கியது. என்னை மன்னித்துக்கொண்டு இருந்தவரில்லை. இது எனக்குத் தெரியவரக்கூடாது என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

“கெதியாப் பிரிஞ்சிருந்தால் பிள்ளை…” என்று தொடங்கினேன்.

“இல்லை. மண் சரிஞ்ச உடனையே முடிஞ்சுது. அப்பிடி நினையாதையும்.”

உண்மை சொல்லும்போது இந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். அன்றைக்கு வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நாலாவது பக்கம்

டிலக்சி இரண்டு கையிலும் பஞ்சோடு வந்துவிட்டாள். அடுத்த கிழமை ஆறு பேர் வருகிறார்கள். குசன் இல்லாமல் முடியாது. அந்த நீட்டு உறைகளை நடுவால் வெட்டினேன். வாய்ப்பக்கத்துப் பாதியை மட்டும் வைத்து, வெட்டிய பக்கத்தை மெசினில் அடித்தேன். சதுரமாயிற்று. நாடாவையும் வெட்டத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

“அதை விடும்,” என்றார் அன்ரன்.

விட்டேன். நாலாவது பக்கத்தைத் தைக்காமல், பஞ்சை அடைத்து நாடாவால் கட்டினேன்.

முதல் நன்மை நாள் நன்றாக நடந்தது. வெள்ளைச் சட்டையில் ஆறு பிள்ளைகள் எங்கள் தரையில் வட்டமாக இருந்து கேக் சாப்பிட்டார்கள். வீடு முடியவில்லையோ என்று கேட்ட பிள்ளையும் வந்தது. வலையில் தொங்கிய சிப்பிகளை எண்ணிப் பார்த்தது. “இது உங்கட வீடோ?” என்று கேட்டது.

“ஓம், எங்கட வீடுதான்,” என்றாள் டிலக்சி. எனக்குக் குசினிக்குள் நின்று அதைக் கேட்கக் கிடைத்தது.

பிறகு அந்தப் பிள்ளை தான் இருந்த குசனைத் திருப்பிப் பார்த்தது. “அன்ரி, இதைத் தைக்க மறந்திட்டீங்களோ? கயிறெல்லோ கட்டியிருக்கு.”

“மறக்கேல்லைப் பிள்ளை. அது அப்பிடித்தான்,” என்றேன்.

பிள்ளைகள் போனபின் டிலக்சி சட்டை மாற்றப் போனாள். நான் கோப்பைகளை அடுக்கினேன். அன்ரன் தரையில் முழந்தாளிட்டு, குசன்களை ஒவ்வொன்றாக எடுத்து நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தார். முதலாவது அவிழ்ந்து பஞ்சு கொட்டியது. இரண்டாவதை இழுத்தார். மூன்றாவதை இழுத்தார். முடியும்வரை பக்கத்தில் நின்றேன்.

குசன் குறிப்புக் கேட்ட தாய்மாருக்கு என்னிடம் இருப்பது இதுதான். மூன்று பக்கமும் எவ்வளவு இறுக்கமாகவும் தையுங்கள். நாலாவதைத் தைக்காமல் ஒரு கயிறு வைத்து, இழுத்தால் அவிழ்கிற முடிச்சுப் போடுங்கள். வாயை வெளியே பார்த்தபடி வையுங்கள்.

எங்களுடைய ஆறும் ஒரே இழுப்பில் திறந்தன.